எடமாமே: முளைக்கும் பத்து நாளும் பறிக்கும் ஒரு வாரமும்

எடமாமே என்பது சோயாபீன்ஸ்தான், முற்றுவதற்கு முன் பச்சையாகப் பறிப்பது. அதற்காக எண்ணெய்க்கும் மாவுக்கும் பயிராகும் சோயா விதையைப் போட்டால் காய் வரும், ருசி வராது. காய்கறிக்கென்றே தேர்ந்த ரகங்களில்தான் பருப்பு பெரிதாகவும் இனிப்பு கூடுதலாகவும் இருக்கும்.

விதை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, அந்த ரகம் எந்தப் பகல் நீளத்துக்கு ஏற்றது என்பது. சோயா இரவின் நீளத்தை அளந்து பூக்கிற செடி. நீண்ட கோடைப் பகலுக்கென்று உருவாக்கிய ரகத்தை, ஆண்டு முழுக்க பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும் நிலநடுக்கோட்டுப் பகுதியில் விதைத்தால், செடி வளர்வதற்கு முன்பே பூத்து, குட்டையாகவே நின்று, சில காய்களோடு முடித்துக்கொள்ளும். உரம் போதவில்லையோ என்று தேடினால் காரணம் கிடைக்காது. மாறாக, விளைய அதிக நாள் எடுக்கும் ரகத்தைக் குளிர் நாட்டில் போட்டால் காய் திரள்வதற்குள் உறைபனி வந்துவிடும். பெரும்பாலான ரகங்கள் விதைத்து 75 முதல் 100 நாளில் பறிப்புக்கு வரும்.

சோயா விதை சீக்கிரம் உயிர் இழக்கும். வெப்பமும் ஈரமும் பட்ட விதை ஒரு வருடத்துக்குள்ளேயே வீணாகலாம். ஆகவே பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பார்த்துவிட்டு விதைப்பது நல்லது. ஏழுக்குக் குறைவாக முளைத்தால் நெருக்கமாகப் போடுங்கள், அல்லது வேறு விதை தேடுங்கள்.

மற்ற பயறுகளை இரவெல்லாம் ஊறப்போட்டு விதைக்கிற பழக்கம் இங்கே உதவாது. இந்தப் பருப்பு பெரியது, தோல் மெல்லியது. தண்ணீரில் போட்டதும் ஒரேயடியாக உறிஞ்சி உள்ளே விரிசல் விடும். விரிசல் வழியே சத்து கசியும், பூஞ்சாணம் அதைத் தேடி வரும், விதை மண்ணுக்குள்ளேயே கூழாகிவிடும். முந்தைய நாள் பாத்தியை நன்றாக நனைத்து, மறுநாள் காய்ந்த விதையையே 2.5 முதல் 3 செ.மீ. ஆழத்தில் ஊன்றி மூடுங்கள். முளை தெரியும்வரை, மேல்மண் அறவே காய்ந்தாலொழியத் தண்ணீர் வேண்டாம். மண்ணின் வெப்பம் 15 டிகிரிக்குக் குறைவாக இருந்தாலும் இதே அழுகல்தான், 20க்கு மேல் இருந்தால் ஒரு வாரத்தில் முளைத்துவிடும்.

இன்னொரு ஆபத்து மேல்மண் இறுகுவது. சோயா தன் இரண்டு பருப்பையும் தலையில் சுமந்துகொண்டுதான் மண்ணைப் பிளந்து வெளியே வரும். களிமண் மேல் ஓடு கட்டினால் கழுத்து ஒடிந்து முளை செத்துவிடும். விதைக்கு மேலே மட்டும் மக்கிய உரமோ தென்னை நார்க் கழிவோ போட்டு மூடினால் இந்தத் தொல்லை இல்லை. வெளியே வந்த பருப்பைப் பறவைகள் கொத்தாமலிருக்க, முதல் உண்மையான இலைகள் விரியும்வரை வலை போட்டே ஆக வேண்டும். பருப்பு போனால் செடி பிழைத்தாலும் நோஞ்சானாகவே இருக்கும்.

இடைவெளி: செடிக்குச் செடி 15 செ.மீ., வரிசைக்கு வரிசை 45 செ.மீ. குழிக்கு இரண்டு விதை போட்டு ஒன்றை விடலாம். தொட்டியானால் 10 லிட்டர் மண்ணுக்கு இரண்டு செடி போதும். நாள் முழுக்க வெயில் வேண்டும்.

உரத்தில் கை தாராளமாகப் போகக்கூடாது. அடியில் மக்கிய தொழுஉரம் போதும். தழைச்சத்து அதிகமானால் இலை கருகருவென்று அடர்ந்து நிற்கும், காய் குறையும், வேரில் முடிச்சும் கட்டாது. இந்த முடிச்சுக்குள் இருந்துகொண்டு காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுப்பது ரைசோபியம் என்ற நுண்ணுயிர். முதன்முறை சோயா போடுகிற மண்ணில் அதற்குரிய நுண்ணுயிர் பெரும்பாலும் இருக்காது. சோயாவுக்கென்றே கிடைக்கும் ரைசோபியத்தை ஆறிய கஞ்சித் தண்ணீரில் குழைத்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி அன்றே விதையுங்கள். உளுந்து, பச்சைப்பயறுக்கான ரைசோபியத்தை நம்ப முடியாது. நான்கைந்து வாரம் கழித்து ஒரு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுப்பாகவே இருந்து, அடியிலைகளும் மஞ்சளித்தால் அப்போது கொஞ்சம் தழைச்சத்து கொடுக்கலாம்.

செடி ஒரு சாண் உயரம் வந்ததும் ஒருமுறை, பூக்கும் முன் ஒருமுறை மண் அணைத்தால் காய்ப்பாரத்தில் சாயாது. ஐந்தாறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை கூடும். சீக்கிரம் பூக்கும் குட்டை ரகத்தில் இதைச் செய்ய வேண்டாம், கிளைத்து வளர அதற்கு நாள் இல்லை.

பூ மிகச் சின்னது, இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும். தன் மகரந்தத்திலேயே காய்க்கும், தேனீக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பூத்ததிலிருந்து காய் நிறையும்வரை மண் காயவே கூடாது. இந்தக் கட்டத்தில் இரண்டு மூன்று நாள் வாடினால் பூவும் பிஞ்சும் கொட்டும், நிற்கிற காயும் உள்ளே நிறையாது. பூவில் பாதி உதிர்வது இயல்புதான், அதைக் கண்டு பதற வேண்டாம்.

தண்ணீர் சரியாக இருந்தும் காய் தட்டையாகவே நின்றால் நாவாய்ப் பூச்சியைத் தேடுங்கள். பிஞ்சில் ஊசி வாயைக் குத்திப் பருப்பின் சாற்றை உறிஞ்சிவிடும். காய் வெளியே பச்சையாக, அழகாக இருக்கும். பிரித்தால் சுருங்கிய பருப்பு. பறிக்காமல் விட்டால், காய் முற்றிக் காயும் காலம் வந்த பிறகும் செடி மட்டும் பச்சையாகவே நிற்கும். காலைக் குளிரில் இது மந்தமாக இருப்பதால், கீழே சோப்புத் தண்ணீர்ப் பாத்திரத்தைப் பிடித்துச் செடியை உலுக்கலாம். அதைவிட உறுதியான வழி, பூ முடிந்ததும் மெல்லிய வலையால் செடியை முழுக்க மூடிவிடுவது. காய்த்துளைப்பானும் உள்ளே வராது.

இனி பறிப்பு. காயின் உள்ளே பருப்புகள் ஒன்றையொன்று தொடும் அளவுக்குத் திரண்டு, தோல் இன்னும் பளிச்சென்ற பச்சையில் இருக்கும் நாள்தான் சரியான நாள். அழுத்தினால் பருப்பு பிதுங்கி வெளியே வர வேண்டும். இந்த நிலை ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். பச்சை வெளிறத் தொடங்கினால் இனிப்பு குறைந்து மாவுத்தன்மை வந்துவிடும். செடியில் எல்லாக் காயும் ஏறக்குறைய ஒன்றாகவே தயாராவதால் முழுச் செடியையும் வெட்டி எடுப்பது எளிது. தொடர்ந்து காய் வேண்டுமானால் பத்து, பதினைந்து நாள் இடைவெளியில் பகுதி பகுதியாக விதைக்க வேண்டும்.

பறித்த நொடியிலிருந்து சர்க்கரை குறைய ஆரம்பிக்கும். வெயில் ஏறும் முன் பறித்து, உடனே வேகவையுங்கள். லிட்டருக்கு 40 கிராம் உப்பு, கொதிநீரில் நான்கைந்து நிமிடம். பச்சையாகத் தின்னக் கூடாது, செரிமானத்தைத் தடுக்கும் பொருள் வெந்தால்தான் அடங்கும். மீந்ததை மூன்று நிமிடம் வேகவைத்து, ஐஸ் தண்ணீரில் போட்டு, ஈரம் போகத் துடைத்து ஃப்ரீசரில் வைக்கலாம்.

விதைக்கென்று நல்ல செடிகள் இரண்டை வெட்டாமல் விடுங்கள். காய் பழுப்பாகி, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டதும் எடுத்து, நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் குளிர்ச்சியான இடத்தில் வைத்து, அடுத்த பருவத்திலேயே விதைத்துவிடுங்கள்.