வீட்டுப் பனீரை அடித்து சீஸ் ஸ்ப்ரெட்: இதுவரை வந்த இடம்

பிரெட்டில் தடவினால் கிழிக்காமல் பரவ வேண்டும், நாக்கில் துகள் தட்டக் கூடாது. கிரீமோ கடைச் சீஸோ சேர்க்காமல், வெறும் பாலிலிருந்தே இதை எடுக்க முடியுமா என்று பார்க்கத்தான் இறங்கினேன். முடிகிறது. பனீரில் எவ்வளவு ஈரத்தை விட்டுவைக்கிறோம் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

முதலில் பால். 3 சதவீதக் கொழுப்புள்ள டோன்டு பாலில் செய்தபோது நன்றாகத்தான் திரிந்தது. ஆனால் அரைத்த பிறகு வாயில் ஒரு வறட்சி. 6 சதவீதக் கொழுப்புள்ள ஃபுல் கிரீம் பாலுக்கு மாறியதும் அது போய்விட்டது. 1 லிட்டருக்கு ஏறக்குறைய 200 கிராம் பனீர் கிடைக்கிறது.

திரிக்கும் விதத்தில் நிறைய இருக்கிறது. பால் பொங்கியதும் அடுப்பை அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஆறவிடுகிறேன். 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு தண்ணீர் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கரண்டியால் மெல்லத் தள்ளிவிடுகிறேன். தண்ணீர் இளம்பச்சையாகத் தெளிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். தளதளவென்று கொதிக்கும் பாலில் சாற்றை மொத்தமாகக் கொட்டினால் புரதம் இறுகி ரப்பர் போல ஆகிவிடும். அதற்குப் பிறகு எந்த மிக்ஸியாலும் அதை மழமழப்பாக்க முடியாது.

ஈரத் துணியில் வடிகட்டி, குளிர்ந்த தண்ணீரை ஒரு முறை மேலே ஊற்றினால் எலுமிச்சை வாசம் போய்விடும். பிறகு பத்து நிமிடம் தொங்கவிட்டால் போதும். குழம்புக்குப் பனீர் செய்வதுபோல மேலே கனம் வைக்கவே கூடாது! வடிந்த தண்ணீரைக் கீழே ஊற்றாதீர்கள், இப்போதே அது வேண்டும்.

இளஞ்சூடு இருக்கும்போதே சின்ன ஜாரில் போட்டு, அரை டீஸ்பூன் உப்பு, அந்தத் தண்ணீரில் 3 மேசைக்கரண்டி சேர்த்து, விட்டுவிட்டு ஓட்டுகிறேன். முதலில் உதிரும், அப்புறம் ஜாரின் ஓரத்தில் ஒட்டும். வழித்துவிட்டு இன்னும் ஓட்டினால் ஒரு கட்டத்தில் சட்டென்று பளபளப்பு வரும். பார்க்கவே அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். கிரேக்கத்து ஃபெட்டாவைத் தயிரோடு அடித்துச் செய்யும் ஸ்ப்ரெட்டுக்கு உப்பு தேவைப்படாது, அது உப்புநீரிலேயே ஊறும் சீஸ். நம் பனீருக்குத் தாராளமாகவே வேண்டும். அந்தப் புளிப்புக்காக 2 கரண்டி கெட்டித் தயிரும் சேர்க்கிறேன்.

மிக்ஸி மழமழப்பைத்தான் தருகிறது, காற்றைச் சேர்ப்பதில்லை. கிண்ணத்துக்கு மாற்றி, ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வைத்து, கை பீட்டரால் அடித்தால்தான் லேசாகிறது. குளிரில் கெட்டிப்படும் கொழுப்பு காற்றைப் பிடித்துவைத்துக்கொள்கிறது.

மிளகும் பொடியாக நறுக்கிய கொத்தமல்லித் தண்டும் எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கை. பச்சைப் பூண்டு செய்த அன்று அருமையாக இருக்கும், மறுநாள் காரமேறிவிடுகிறது. நெய்யில் லேசாக வதக்கிச் சேர்த்தால் அந்தத் தொல்லை இல்லை. கண்ணாடி பாட்டிலில் மூன்று நாள் வைத்துச் சாப்பிடுகிறோம். மேலே தண்ணீர் விட்டிருந்தால் கலக்கிக்கொண்டால் போதும்.

அடுத்த முறை எலுமிச்சை வேண்டாம். வங்காளத்து இனிப்புக்காரர்கள் சானாவுக்கு (ரசகுல்லா போன்ற இனிப்புகளுக்குப் பாலைத் திரித்து எடுப்பது) செய்வதுபோல, முந்தைய தடவை வடித்த தண்ணீரைப் புளிக்கவைத்து, அதைக்கொண்டே பாலைத் திரிக்கப் போகிறேன். ஒரு பாட்டில் எடுத்துவைத்தாகிவிட்டது.