அரிசி மணியும் பேனாவும்

மார்ச் 3
பலதுறை மருந்தகத்திலிருந்து திரும்பும் வழியெல்லாம் அம்மா வாய் திறக்கவில்லை. இருபது வருடமாக மாத்திரையிலேயே சமாளித்த நீரிழிவுக்கு இனி இரவுதோறும் 10 யூனிட் இன்சுலின். பேனா வடிவில் இருக்கும் இன்சுலின் ஊசிக் கருவியைத் தாதி வெளியே எடுத்ததுமே அம்மா சுவரைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். லிஃப்டில்தான் பேசினார்: "தம்பி, ஊசி இல்லாத இன்சுலின் இருந்தால் கண்டுபிடி. அதுவரை மாத்திரை போதும்."

மார்ச் 5
மாத்திரையாக ஏன் வராது? இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால், தட்டில் இருக்கும் மீன் துண்டுக்கு நேர்வதுதான் அதற்கும். இரத்தத்தை எட்டுமுன் வயிறு செரித்துவிடும். 1922இல் டொராண்டோவில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகப் போட்ட நாளிலிருந்து ஊசி நீங்காததற்கு இதுவே முக்கியக் காரணம்.

மார்ச் 9, ஞாயிறு
சென்னை மாமா அழைத்தார். வாயால் உள்ளிழுக்கும் இன்சுலினுக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்துவிட்டதாம். தேடினேன், உண்மைதான். பெயர் அஃப்ரெஸ்ஸா. உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி, அதில் இன்சுலின் தூள். அமெரிக்காவில் 2014இலும் இந்தியாவில் 2024 டிசம்பரிலும் அனுமதி பெற்றது. இதற்கு முன்னோடியான எக்ஸுபெரா 2006இல் வந்து, விலைபோகாமல் மறு வருடமே கடையைக் கட்டியது.

பாதி படித்ததும் அம்மாவிடம் ஓடிச் சொல்லிவிட்டேன். தேக்கா சந்தையில் பூக்காரம்மா வரைக்கும் செய்தி போய்விட்டது. மீதியை இரவில்தான் படித்தேன். மூச்சுக்குழாய் திடீரென இறுகக்கூடும் என்பதால் ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ஆகாது. அம்மாவின் நீல இன்ஹேலர் குளிர்பதனப் பெட்டியின் மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. தவிர, அது சாப்பாட்டு நேரத்துக்கான வேக இன்சுலின்; இரவு முழுக்க வேலை செய்யும் இன்சுலினுக்கு மாற்றே அல்ல. ஆஸ்துமா இல்லாவிட்டாலும் அம்மாவுக்கு உதவியிருக்காது.

மார்ச் 10
சர்க்கரை போடாத தேநீர், தே கோசோங், வாங்கிக் கொடுத்தேன். குடித்தார். பேசவில்லை.

மார்ச் 12
அடுத்து ஜெட் கருவி. ஊசிக்குப் பதில் அழுத்தத்தால் இன்சுலினை மெல்லிய தாரையாகத் தோலுக்குள் பீய்ச்சுகிறது. ஆனால் சிலருக்கு அந்த இடம் கன்றிப்போகும். வலியே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. இம்முறை முழுதும் படித்துவிட்டே சொன்னேன்.

"அப்புறம் எதற்கு அது?" என்றார்.

பேனா ஊசி 4 மில்லிமீட்டர் என்று அடிக்கோலில் காட்டினேன். நம்பாமல் அடுப்படிக்குப் போய் ஒரு பொன்னி அரிசியை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அரிசிதான் நீளம்.

மார்ச் 14
நேற்றிரவு தானே போட்டுக்கொண்டார். பேனாவைத் திருகும்போது வரும் 'டிக்' ஒலிகளை முருகன் பெயர் சொல்லிப் பத்து எண்ணினார். வயிற்றில் குத்தி, மறுபடி பத்து எண்ணி எடுத்தார். "அவ்வளவுதானா?" என்று என்னை முறைத்தார்.

இன்று காலை சர்க்கரை பார்க்க விரலில் குத்தியபோதுதான் கத்தினார். "வலிப்பது இதுதான்! இதற்கு ஊசி இல்லாமல் ஏதாவது இருக்கிறதா, பார்."

கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் இருக்கிறது. அதன் அடியிலும் தோலுக்குள் போகும் நுண்ணிழை ஒன்று உண்டு. இன்னும் சொல்லவில்லை.