தூத்துக்குடி முதல் குமரி வரை: கடற்கரைச் சாலை நாட்குறிப்பு

மார்ச் 12, தூத்துக்குடி

நாளை திருச்செந்தூர், இங்கிருந்து சுமார் 40 கி.மீ. தூத்துக்குடியின் பேர்பெற்ற முந்திரி இனிப்பான மக்ரூன் வாங்கியாயிற்று. முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, இந்த மூன்றுதான் சரக்கு. மாவு கிடையாது. அதனால் கடற்காற்றின் ஈரம் பட்டதும் பிசுபிசுத்துப் போகும். பையில் திணித்தால் தூளாகும். இறுக்கமான மூடியுள்ள டப்பா ஒன்று கையோடு இருக்கட்டும். பிட்டுப் பார்க்கையில் நடுவில் பசைபோல ஒட்டினால் அது சரியாகக் காயாதது, வாங்காதீர்கள்.

மார்ச் 13, தேரிக்குடியிருப்பு

காலை 6 மணிக்கே தேரியில், அதாவது செம்மணல் மேட்டுக்காட்டில், கால் வைத்தாயிற்று. 9 மணிக்குமேல் மணல் சுடும், செருப்பையும் தாண்டிச் சுடும். மணல் துகள்கள்மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால்தான் இந்தச் செக்கச்சிவப்பு. கையில் அள்ளித் தேய்த்தால் விரல் இடுக்கில் காவி ஒட்டும்.

வண்டியைக் கற்குவேல் அய்யனார் கோயில் பக்கமே விட்டுவிடுங்கள். மணலில் பின்சக்கரம் புதைந்தபின் ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க இன்னும் ஆழமாகத்தான் போகும். நடப்பதற்கு முந்திரியும் பனையும் நிற்கும் ஓரம் நல்லது. வேர் பிடித்த மணல் அவ்வளவாகப் புதையாது. வெறும் மேட்டில் ஏறினால் இரண்டடி வைத்து ஓரடி சறுக்கும். எல்லா மேடும் ஒன்றுபோலவே இருக்கும், காற்று கால்தடத்தையும் அழித்துவிடும். புறப்படும் இடத்தைப் போனில் குறித்துக்கொள்ளாமல் உள்ளே போகக் கூடாது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் வேண்டும்.

திரும்பி வந்ததும் பதநீர். கலயத்தின் உள்ளே தடவும் சுண்ணாம்புதான் அதைப் புளிக்காமல் வைக்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் கள்ளாகிவிடும், கூடினால் நாக்கு காந்தும். பனையோலைப் பட்டையில் வாங்கிக் காலையிலேயே குடித்துவிட வேண்டும். வெயில் ஏறினபின் குடிப்பதில் ருசியில்லை.

உடன்குடி பக்கத்தில்தான். கருப்பட்டி வாங்குபவர்கள் ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே மங்கலாக, மண்நிறத்தில் இருந்தால் நல்ல சரக்கு. கல்கண்டுபோல் மினுமினுத்தால் சீனி கலந்தது. நல்ல கருப்பட்டி ஈரத்தில் இளகும். பிளாஸ்டிக்கில் கட்டாமல் ஓலைப்பெட்டியில் வையுங்கள். விலை கூடுதலாகத்தான் இருக்கும். பனையேறியின் உழைப்பைப் பார்த்தவர்கள் பேரம் பேச மாட்டார்கள்.

மார்ச் 14, மணப்பாடு, உவரி

மணப்பாட்டு மணற்குன்றின்மேல் திருச்சிலுவைக் கோயில். கீழே, 1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாரின் குகை. பாறையில் பாசி வழுக்கும், அலையோரம் ஏற வேண்டாம். உவரி வழியாகக் குமரிக்கு மாலைக்குள் போய்ச் சேரலாம். காற்றாலைகள் தென்படத் தொடங்கினால் பக்கக்காற்று வண்டியைத் தள்ளும், வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

மார்ச் 15, மருந்துவாழ்மலை

பொற்றையடியிலிருந்து 5.30க்கு ஏற்றம். முதலில் படிகள், அப்புறம் வெறும் பாறை. கேரளத்து ஆன்மிகச் சீர்திருத்தவாதி நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை வழியில் இருக்கிறது. குரங்குகள் பையைப் பிடுங்கும், தின்பண்டம் வெளியே தெரியக் கூடாது. சறுக்குவது இறங்கும்போதுதான்: பாறைமேல் கிடக்கும் பொடிச்சரளை உருளும். பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து இறங்குங்கள்.

கீழே வந்ததும் மரச்சீனிக்கிழங்கும் (மரவள்ளி) சாளைப் புளிமுளமும் (சாளை மீன் போட்ட புளிக்குழம்பு). கிழங்கை வேகவைத்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், கசப்பும் நஞ்சும் அதோடு போகும். பிறகு தேங்காய், சீரகம், பச்சைமிளகாய், மஞ்சள் அரைத்துச் சேர்த்து, அகப்பையால் மசித்து மயக்க வேண்டும். புளிமுளம் காலையில் வைத்ததைவிட முந்தின நாள் வைத்தது நன்றாயிருக்கும். கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள்.