நில் ரிப்போர்ட்

ஜனவரி பிறந்தால் எங்கள் கல்லூரி ஆபீசிலிருந்து எனக்கு ஒரு படிவம் வந்துவிடும். பணியிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013-ல் வந்த சட்டப்படி, உள்ளகப் புகார்க் குழு ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய அறிக்கை அது. ஐந்தே கேள்விகள். எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது, 90 நாளுக்கு மேல் கிடப்பவை எத்தனை, எத்தனை விழிப்புணர்வுக் கூட்டம், என்ன நடவடிக்கை.

நான் புள்ளியியல் நடத்துகிறேன். அதனால்தான் குழுவில் போட்டார்கள் என்று கொஞ்ச நாள் பெருமையாக இருந்தேன். டைம்டேபிளில் எனக்குத்தான் ஓய்வு பீரியட் அதிகம் என்பது அப்புறம் தெரிந்தது.

பழைய ஃபைலைப் புரட்டினேன். புகார்: நில். தீர்வு: நில். நிலுவை: நில். ஆறு வருடமும் அப்படியே. கடைசி மூன்றில் தேதியைத் தவிர ஒரு எழுத்து மாறவில்லை. கூட்டம் என்ற இடத்தில் மட்டும் ‘மூன்று, போட்டோ இணைப்பு’. குத்துவிளக்கு, பொன்னாடை, முன் வரிசையில் என்.எஸ்.எஸ். பிள்ளைகள். ‘நில்’ இங்கிலீஷ்தான், ‘ஒன்றுமில்லை’ என்று அர்த்தம். ஆனாலும் தமிழில் எழுதிப் பார்த்தால், புகாரோடு வருகிறவளை வாசலிலேயே அதட்டி நிறுத்துகிற மாதிரி இருக்கிறது.

போன ஆகஸ்டில் இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி கடைசி பீரியட் முடிந்ததும் வந்து நின்றாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். கல்லூரி பஸ்ஸில் வேலை பார்க்கும் ஒருவரைப் பற்றிச் சொன்னாள். “எழுதிக் கொடும்மா” என்றேன்.

“எழுத வேண்டாம் மேடம். அப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்பை நிறுத்திடுவாரு. அந்த ஆளை மட்டும் வேற ரூட்டுக்கு மாத்தச் சொல்லுங்க.”

மூன்றே நாளில் மாற்றினார்கள். சட்டம் எழுத்துப் புகாரைக் கேட்கிறது. எழுத முடியாதவருக்கு நாங்கள் உதவ வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் இவளுக்கு எழுதத் தெரியும், எழுதப் பயம். அந்த வருடக் கணக்கில் அவள் இல்லை. அந்த ஆள் இப்போது எந்த ரூட்டில் போகிறார், அதில் எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்பதும் எந்தக் கணக்கிலும் இல்லை.

திருட்டுக்கும் இதே கதிதான். ஹாஸ்டலில் ஒரே செமஸ்டரில் ஏழு செல்போன் காணாமல் போயின. ஏழும் வார்டன் நோட்டில் இருக்கின்றன. ஸ்டேஷன் வரை போனவர்கள் இரண்டு பேர். ஒருத்திக்கு சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. மனு வந்தது என்பதற்கான சீட்டுதான் அது, எஃப்.ஐ.ஆர். இல்லை. இன்னொருத்தியிடம் “தொலைஞ்சு போச்சுன்னு எழுதும்மா, சிம் சீக்கிரம் வாங்கலாம்” என்று யாரோ சொல்ல, அங்கேயே திருட்டு மறைந்துவிட்டது. நாட்டின் குற்றக் கணக்கை டெல்லியில் தொகுக்கும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் எண்ணுவதோ எஃப்.ஐ.ஆரை. அதிலும் ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால், கடும் தண்டனை உள்ள ஒன்றுதான் கணக்கில் ஏறும். ஆக வார்டனுக்கு ஏழு, ஸ்டேஷனுக்கு ஒன்று, டெல்லிக்குப் பூஜ்யம்.

சரி, நாமே எண்ணுவோம் என்று ஒரு நோட்டுப் போட்டேன். பெயர் கிடையாது. மாதம், இடம், வகை, எழுத்திலா வாயாலா, அவ்வளவுதான். முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். ஒரே பையன் மூன்று பெண்களுக்கு நாற்பது நாள் மெசேஜ் அனுப்பியிருக்கிறான். இது ஒன்றா, மூன்றா, நாற்பதா? அவர்களில் ஒருத்தி வார்டனிடமும் சொல்லியிருந்தால் இரண்டு இடத்தில் ஏறிவிடுமே? பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி.யின் 2015 விதிகளில் வளாகம் என்றால் கல்லூரி வாகனமும் சேர்த்திதான். கேட்டுக்கு எதிரே இருக்கும் டவுன் பஸ் ஸ்டாப்? பென்சிலில் எழுதி, அழித்து, கடைசியில் பாதிக்கப்பட்ட ஆளுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன்.

அமெரிக்காவில் இதற்கென்றே சட்டம் உண்டு. 1986-ல் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளெரி என்ற மாணவி கொல்லப்பட்டார். பெற்றோர் விடாமல் போராடியதில் 1990-ல் அந்தச் சட்டம் வந்தது. ஒவ்வொரு அக்டோபர் 1-க்குள்ளும் கல்லூரிகள் மூன்று ஆண்டுக் குற்றக் கணக்கை வெளியிட வேண்டும். மறைத்தால் அபராதம். அப்படியும் 2014-க்கான கணக்கில் பத்தில் ஒன்பது வளாகங்கள் வன்புணர்வுப் புகார் பூஜ்யம் என்றே காட்டின. பத்துப் புகார் பதிவான கல்லூரியில் என் மகளைத் தைரியமாகச் சேர்ப்பேன், பூஜ்யம் போட்டதில் யோசிப்பேன். ஸ்டாஃப் ரூமில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள்.

இந்த ஜனவரியில் எழுத்துப் புகார் ஒன்று இருந்தது. ‘1’ என்று போட்டு அனுப்பினேன். அரை மணியில் சூப்பரிண்டெண்ட் சார் போன் செய்தார்.

“மேடம், எப்பவும் நில்தானே? ஒண்ணு போட்டா விளக்கம் கேப்பாங்களே?”

“கேட்கட்டும் சார். வாயால் வந்தது பதினொன்று. அதையும் தனித் தாளில் வைத்திருக்கிறேன், பார்த்தீர்களா?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தாள் புரளும் ஓசை மட்டும் கேட்டது. “பிரின்சிபால் லீவுல இருக்கார் மேடம், வரட்டும்” என்று வைத்துவிட்டார்.