பிரிஸ்க்னா என்னா?

லிந்துலை பக்கம் ஒரு டீ பெக்டரில வேலைக்கு சேர்ந்தப்ப எங்க தூள ஏலத்துல வித்துக் குடுக்குற புரோக்கர் ருசி பாத்து கொழும்புல இருந்து அனுப்புற ரிப்போர்ட்ட பைல் பண்றதும் என் பொறுப்பு, அதுல ஒவ்வொரு இன்வொய்ஸுக்கு, அதாவது ஏலத்துக்கு போற ஒவ்வொரு தூள் தொகுதிக்கு நேராவும் பிரைட், கலரி, சொஃப்ட், பிரிஸ்க்னு ரெண்டு மூணு சொல்லு இருக்கும். டிக்ஷனரியில பிரிஸ்க்னா சுறுசுறுப்புன்னு போட்டிருந்துச்சு. தேத்தண்ணி எப்பிடி சுறுசுறுப்பா இருக்கும்னு தூள் தயாரிப்ப பாத்துக்கிற டீமேக்கர் ஐயாகிட்டயே கேட்டேன்.

அவரு வாயால ஒன்னும் சொல்லல. கொழுந்த நசுக்குற ரோல் மெஷின்ல ஒரே தடவையில இறங்குன ஈரத் தூள்ல ஒரு பங்க நேரத்துக்கு டிரையருக்கு அனுப்பிட்டு, ஒரு பிடிய மட்டும் மேசையிலயே ரொம்ப நேரம் கிடக்க விட்டு பெறகு காயவச்சாரு. மறுநாள் ரெண்டையும் ஒரே அளவா நிறுத்து, கொதிதண்ணி ஊத்தி, அஞ்சாறு நிமிஷம் மூடி வச்சு, வெள்ளை கோப்பையில வடிச்சு "சத்தம் வர உறிஞ்சுங்க தம்பி, விழுங்காதீங்க"ன்னாரு. மொத கோப்பை நாக்கு ஓரத்துலயும் ஈறுலயும் சுருக்குன்னு புடிச்சு, உடனே விட்டுருச்சு, வாய் சுத்தமாயிருச்சு. மத்தது கலர் கூடதான், ஆனா வாயில சும்மா கிடந்துச்சு. மொதலாவதுதான் பிரிஸ்க், ரெண்டாவது சொஃப்ட்.

சொஃப்ட்னு கேட்டா பாராட்டு மாதிரி இருக்கும், தேயிலையில அது குறை. நசுங்குன கொழுந்துல காத்து பட்டு உண்டாகுற தியாஃப்ளேவின்ங்கற பொருள்தான் அந்த பிடிப்ப குடுக்குது, நேரம் தாண்டுனா அது கொறைஞ்சு தியாரூபிஜின்ங்கற இன்னொரு பொருள் கூடும், கலர் ஏறும், சுருக்கு போயிரும், சூட்டுல இது இன்னும் வேகமா நடக்கும், அதனாலதான் ரூம் சூடு கொஞ்சம் ஏறுனாலும் ஐயா பதறுவாரு. ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் வறண்ட குளிர்காத்து அடிக்கிறப்ப எங்க திம்புள்ள பக்கத்து தூளுக்கு நல்ல பேரு, ஊவா பக்கம் அது ஜூலைக்கு மேல.

பிரிஸ்க்ங்கற இதே சொல்லு ஏல ரிப்போர்ட்ல டிமாண்டுக்கும் வரும், டொக்டர் சீனி வருத்தக்காரங்கள வேகமா நடக்க சொல்றப்பவும் வரும்.

ஒருநாள் ஐயாகிட்ட கேட்டுட்டு, கொழுந்து நிறுக்க வந்த ஒரு பெரியம்மாகிட்ட அந்த மாதிரி ரெண்டு கோப்பைய குடுத்தேன். "இதுல உசுரு இருக்கு சாமி, அது அவிஞ்சு போயிருக்கு"ன்னாங்க. கொழும்புல எழுதுறதும் அதத்தான், ஆனா பறிச்ச கைக்கு அந்த ரிப்போர்ட் வந்து சேர்றதே இல்ல, இது எனக்கு பெரிய ஆதங்கம். அதனால இப்ப ரிப்போர்ட் வந்ததும் எந்த நாள் கொழுந்து என்ன பேரு வாங்குச்சுன்னு தமிழ்ல எழுதி, கொழுந்து நிறுக்குற மடுவத்துல ஒட்டிர்றேன்.