கத்திக்கு முன் பத்து நிமிடம்

மார்ச் 3, திங்கள்

விடியலுக்கு முன்பே இறைச்சிக்கூடத்துக்கு வந்துவிட்டேன். இரவு வந்து இறங்கியவை 62 செம்மறிகள், 14 எருமைகள். பட்டிக்குள் போகாமல் வேலிக்கு வெளியிலேயே நின்றேன். அறுப்பதற்கு முன் கால்நடைகளைச் சோதிக்கும் மருத்துவர் நான்; என் வேலையில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத நேரம் இதுதான். ஆள் உள்ளே நுழைந்ததும் மந்தை மிரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நோயுற்ற விலங்கும் தலையை நிமிர்த்தி மற்றவற்றோடு கலந்துவிடும். வேட்டைக்கு அஞ்சியே வளர்ந்த இனங்களுக்கு வலியை மறைப்பது பிறவிக் குணம். அவை நம்மை மறந்திருக்கும்போதுதான் உண்மை தெரியும்: எது அசைபோடவில்லை, எதன் மூக்குநுனி காய்ந்திருக்கிறது, எது சுவரைப் பார்த்துத் தனியே நிற்கிறது, எது மூச்சுக்கு விலாவை இழுக்கிறது.

பிறகு நடக்கவிட்டு, இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்தேன். செம்மறிகளில் ஒன்று முன்னங்காலை ஊன்றத் தயங்கியது. வாயைத் திறந்து நாக்கையும் ஈறுகளையும், பிறகு குளம்பிடுக்கையும் பார்த்தேன். கொப்புளம் இல்லை, கோமாரி அல்ல. குளம்பில் ஒரு முள். அதைப் பிடுங்கி எடுத்ததும் எனக்கே கால் வலி நின்றது போலிருந்தது.

பட்டியில் எரிவது மஞ்சள் விளக்கு. மஞ்சள் வெளிச்சத்தில் காமாலை தெரியாது. இமையைப் புரட்டினால் எல்லாக் கண்ணும் ஒரே நிறம். வெள்ளை விளக்கு கேட்டு மூன்றாவது முறையாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து, "டாக்டரம்மா, தோலை உரித்த பிறகு எப்படியும் வெட்டிப் பார்க்கத்தான் போகிறீர்கள். இங்கே எதற்கு இத்தனை நேரம்?" என்றார். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். நிணநீர் முடிச்சில் இருக்கும் காசநோய்க் கட்டியைக் கத்தி காட்டும். தசைக்குள் ஒளிந்திருக்கும் நாடாப்புழுவின் கொப்புளத்தையும் காட்டும். வெறிநோயைக் காட்டாது. ரணஜன்னியைக் காட்டாது. 1986-இல் பிரிட்டனில் அடையாளம் காணப்பட்ட பைத்திய மாட்டு நோயை எடுத்துக்கொள்ளுங்கள்: அந்த மாடுகளின் இறைச்சியை எத்தனை கண்கள் பார்த்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. நடை தடுமாறியது, தொட்டால் துள்ளியது, சிறு சத்தத்துக்கும் நடுங்கியது என்பதெல்லாம் உயிரோடு நின்ற மாடு சொன்னவை. அறுத்த பிறகு கேட்டால் யார் சொல்வது? இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

எருமைகள் நெடுந்தூரம் நின்றபடியே வந்தவை, கால்கள் நடுங்கின. ஒரு நாள் ஓய்வும் தண்ணீரும் எழுதினேன். வியாபாரிக்கு முகம் சுருங்கியது. களைத்த மாட்டின் தசையில் சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்திருக்கும். அறுத்த பின் புளிப்பு ஏறாது. நல்ல இறைச்சியின் பிஎச் (புளிப்பு ஏற ஏற இறங்கும் அளவு) ஒரு நாளில் 5.5 அளவுக்கு இறங்க வேண்டும். இறங்காமல் 6-க்கு மேலேயே நின்றால் இறைச்சி கறுத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெடும். நட்டம் அவருக்குத்தான் என்றதும் ஒப்புக்கொண்டார். மாட்டின் களைப்பைச் சொல்லி அவரை அசைக்க முடியவில்லையே என்ற வருத்தம் மட்டும் எனக்குப் போகவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

நேற்றுப் பார்த்துவிட்டோம் என்று விட்டிருந்தால்? ஒரு நாள் தங்கிய கால்நடையை மறுபடி பார்க்காமல் உள்ளே விடக்கூடாது என்ற விதி எதற்கென்று இன்று மீண்டும் புரிந்தது.

14 எருமைகளில் ஒன்று தண்ணீர்த் தொட்டிக்கு வரவில்லை. காதுகள் தொங்கியிருந்தன, வாயில் எச்சில் நூலாக வடிந்தது. சுமார் 38.5 இருக்க வேண்டிய உடல்வெப்பம் 41.2 டிகிரி. தாடைக்கடியில் தொட்டேன், சூடான, கெட்டியான வீக்கம். மூச்சு கரகரத்தது.

தனிக்கொட்டிலுக்கு மாற்றினேன். மற்ற 13-க்கும் தடை. "இப்போதே அறுத்துவிட்டால் ஒன்று மட்டுமாவது தப்பும் டாக்டர்" என்று வியாபாரி கெஞ்சினார். அவருடைய முதல் அதில் இருக்கிறது, எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த வேகத்தில் ஏறிய காய்ச்சல் என்றால் கிருமி இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கத்தி வைத்தால் தரை, கை, அடுத்த மாடு என்று எல்லாவற்றுக்கும் அது போகும். சிகிச்சையைத் தொடங்கினேன். இவ்வளவு முற்றிய பிறகு மருந்து பெரும்பாலும் பிந்திவிடும் என்பதை அவரிடம் மறைக்கவில்லை.

மார்ச் 5, புதன்

அதிகாலை நான்கு மணிக்குப் பட்டிக்காரப் பெரியவர் அழைத்தார். "போய்விட்டது அம்மா."

நான் போய்ச் சேர்வதற்குள் ஒருவர் கத்தியோடு நின்றிருந்தார். தோலையாவது எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ அனுப்பியிருக்கிறார்கள். கத்தியைக் கீழே வைக்கச் சொன்னேன். என் குரல் அப்படி உயர்ந்து நானே கேட்டதில்லை.

காய்ச்சலில் திடீரென்று செத்த மாட்டை அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) இல்லை என்று உறுதியாகும்வரை யாரும் திறக்கக்கூடாது. 1876-இல் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் காட்டிய விஷயம் இதற்கு அடிப்படை: அடைப்பான் கிருமி தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு வித்தாக மாறக்கூடியது. மூடிய உடலுக்குள் அழுகலோடு அழுகலாக அது செத்துப்போகும். உடலைத் திறந்து இரத்தம் காற்றில் பட்டால்தான் வித்துகள் உருவாகும். அவை மண்ணில் பல பத்தாண்டுகள் காத்திருக்கும். ஒரு தோலுக்காக ஒரு நிலத்தையே நஞ்சாக்கிவிடலாம். அறுக்கிறவருக்கும் உயிர்ப் பயம். அடைப்பானில் கசிவது போல மூக்கிலும் ஆசனவாயிலும் இரத்தம் கசியவில்லை. அதை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது.

கையுறை மாட்டி, காது இரத்தக்குழாயில் ஊசி முனையால் குத்தி, ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பரப்பினேன். குத்திய இடத்தை மருந்துப் பஞ்சால் அடைத்தேன். சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது, இளஞ்சிவப்பு உறைக்குள் சங்கிலியாக நிற்கும் நீலக் குச்சிகளைத்தான் தேடினேன். அவை இல்லை. இரு முனைகளில் மட்டும் சாயம் ஏறிய குட்டிக் குட்டிக் கிருமிகள் பார்வைப் பரப்பு முழுவதும் இருந்தன. பாஸ்டுரெல்லா. தொண்டை அடைப்பான்.

பெயரில்தான் இரண்டும் உறவு. இது மனிதருக்கு அந்த அளவுக்கு ஆபத்தானதல்ல, எருமைக்கு எமன். ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பிவிட்டு, உடலை முழுதாகவே எரிக்க ஏற்பாடு செய்தேன். கத்தியோடு நின்றவர் அருகில் வந்து, "எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை அம்மா" என்றார். உண்மை. அடுத்த வாரம் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

மாலையில் மீதிப் பதின்மூன்றில் இரண்டுக்கு 40 டிகிரியைத் தாண்டியது. உடனே ஊசி.

மார்ச் 6, வியாழன்

எருமை வந்த இடத்தைச் சொல்ல வியாபாரி தயங்கினார். அரை நாள் போனது. கடைசியில் எண் கிடைத்தது. எடுத்தவர் அதை வளர்த்த அம்மா. சென்ற வாரம் ஒரு கன்று கழுத்து வீங்கிச் செத்ததாம்; இந்த ஆண்டு தடுப்பூசி போடவில்லையாம்; கொட்டிலில் இன்னும் 9 நிற்கின்றனவாம். கன்று செத்த பயத்தில்தான் பெரியதை விற்றிருக்கிறார். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பகுதியின் கால்நடை மருத்துவரிடம் பேசி, கையோடு கடிதமும் அனுப்பினேன். மழைக்கு முன் போட்டிருக்க வேண்டிய ஊசி.

மார்ச் 8, சனி

செம்மறிகளில் ஒன்று நிறைசினை. விலாவில் கை வைத்தபோது உள்ளே குட்டி உதைத்தது. திருப்பி அனுப்பினேன்.

மார்ச் 10, திங்கள்

ஊசி போட்ட இரண்டும் தேறிவிட்டன, தவிடு தின்கின்றன. இனி வேறொரு சண்டை. "காய்ச்சல் போய்விட்டதே, விடலாமே" என்கிறார்கள். விட முடியாது. உடலிலிருந்து மருந்து விலகும் காலம் ஒவ்வொரு மருந்துக்கும் வேறு. நீண்ட நேரம் செயல்படும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் வகைகள் சிலவற்றுக்கு 28 நாட்கள் வரை.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு ஒரு பசுவை நான் அனுமதித்தேன். நடை சரி, வெப்பம் சரி, கண் தெளிவு. அறுத்தபோது கழுத்துத் தசைக்குள் ஊசி போட்ட சீழ்க்கட்டி. விசாரித்ததில் மூன்று நாட்களுக்கு முன் ஊசி போட்டிருக்கிறார்கள். காய்ச்சலை மருந்து மறைத்திருந்தது. கழுத்தை நான் கையால் தடவிப் பார்க்கவில்லை. கொண்டுவந்தவரிடம் கேட்கவும் இல்லை. முழு உடலையும் கழித்தோம். அன்றிலிருந்து என் முதல் கேள்வி, "கடைசியாக எப்போது, என்ன மருந்து?" என்பதுதான். பதில் சொல்லும்போது அவர்கள் கண்ணையும் பார்க்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

ஆய்வக முடிவு வந்தது. தொண்டை அடைப்பான் உறுதி. மீதி 11 எருமைகளின் வெப்பக் குறிப்பில் ஒன்பது நாட்களாக ஏற்றமே இல்லை. இன்று காலை மீண்டும் நடக்கவிட்டுப் பார்த்து அனுமதித்தேன். ஊசி போட்ட இரண்டும் தங்குகின்றன. அந்த அம்மாவின் ஒன்பதும் நலம். சுற்றுவட்டாரத்துக் கொட்டில்களுக்கும் தடுப்பூசி போட்டுவிட்டார்களாம்.

நேற்று மாலை பட்டியில் வெள்ளை விளக்கு மாட்டியிருக்கிறார்கள். பெரியவர் என்னைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போய்க் காட்டினார். இன்று வந்த வெள்ளாடுகளில் ஏழாவது, எந்தக் குறையும் இல்லாமல் நடந்தது, அசைபோட்டது. இமையைப் புரட்டினேன். உள்ளே மஞ்சள். தனிக்கொட்டிலுக்கு அனுப்பிவிட்டு எட்டாவதைப் பிடிக்கச் சொன்னேன்.