முகத்தைப் பார்த்தே பொய்யைப் பிடிக்கலாமா?

புதுச்சேரியில் ஆள் எடுக்கும் வேலையில் இருக்கும் நண்பன் ஒருவன், முகபாவம் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்கும் பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து, எதிரில் இருப்பவர் மூக்கைச் சொறிந்தால்கூட விட மாட்டேன் என்கிறான். முழுக்க டுபாக்கூர் என்றும் தள்ள முடியாது. உளவியலாளர்கள் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் 1978-இல் முகத் தசைகளின் அசைவுகளுக்கு எண் போட்டுப் பட்டியலே தந்திருக்கிறார்கள். உதட்டோரம் மேலே போனால் 12, மனசாரச் சிரிக்கும்போது கண்ணைச் சுற்றிச் சுருங்குகிறதே, அது 6. நொடியில் சின்னப் பங்கு நேரமே வந்து மறையும் பாவங்களைக்கூடப் பழகினால் ஓரளவு பிடிக்கலாம்.

சரி, அப்புறம்? தெரிவது பயம் என்பதுவரைதான். பொய் மாட்டிக்கொள்ளுமோ என்ற பயமா, உண்மையைச் சொல்லியும் நம்ப மாட்டார்களோ என்ற பயமா என்று எந்தத் தசையும் சொல்லாது, வேலை கேட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பையனுக்கு இரண்டாவதுதான் அதிகம் இருக்கும் என்பது என் கட்சி. 2006-இல் பாண்ட், டிபாலோ என்ற இரண்டு உளவியலாளர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மனிதர்கள் பொய்யையும் உண்மையையும் சரியாகப் பிரித்தது சுமார் 54 சதவீதம். காசு சுண்டினாலே 50 வந்துவிடும்!

கடலூர் முதுநகரில் மீன்கார அக்கா "இப்பதான் போட்டுல வந்துது தம்பி" என்றால் யார் அவர் முகத்தைப் பார்க்கிறார்கள்? செவுளைத் தூக்கிச் சிவப்பா பழுப்பா என்றுதான் பார்க்கிறோம். நண்பனும் வேலை கேட்டு வந்தவர் முன்பு இருந்த கம்பெனிக்கு ஒரு போன் போட்டு விசாரிக்கலாம்.